ஃப்ரிட்டாட்டா: பொரித்ததா, சுட்டதா?

புரதம் கூட்டிச் சாப்பிட நினைப்பவர்களின் இரவு உணவுப் பட்டியலில் இப்போது தவறாமல் இடம்பிடிக்கும் சொல் ஃப்ரிட்டாட்டா. அடித்த முட்டையில் காய், கீரை, பாலாடைக்கட்டி சேர்த்துத் தடிமனான வட்டமாக வேகவைத்து, கேக் போலத் துண்டு போட்டுப் பரிமாறும் இத்தாலிய உணவு. 'இத்தாலி ஆம்லெட்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது: அதில் முட்டையே இல்லை.

இத்தாலிய மொழியில் 'ஃப்ரிஜ்ஜெரே' என்றால் பொரித்தல். அதன் மூலம் லத்தீனின் 'ஃப்ரீகெரே'. வறுப்பதற்கும் பொரிப்பதற்கும் பொதுவான வினை. நாம் அன்றாடம் சொல்லும் 'ஃப்ரை'யும் அதே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல்தான். பொரித்தது என்ற பொருள் தரும் 'ஃப்ரித்தோ'வோடு '-ஆத்தா' என்ற விகுதி சேர்ந்தால் பெயர் தயார். இதே ஒலியில் முடியும் 'இன்சலாத்தா'வுக்கு (சாலட்) நேர்ப்பொருள் 'உப்பிட்டது'. அப்படிப் பார்த்தால் ஃப்ரிட்டாட்டா வெறும் 'பொரித்தது'. எதைப் பொரித்தது என்று சொல் சொல்லவில்லை.

ஆம்லெட்டும் அப்படித்தான். மெல்லிய தகடு என்ற பொருளுடைய லத்தீன் 'லாமெல்லா', பிரெஞ்சில் பல வடிவம் மாறி ஆம்லெட் ஆனது. ஒரு பெயர் வடிவத்தைச் சொல்கிறது, மற்றது சமைக்கும் முறையை. ஆம்லெட் தகடு போல மெலிந்து, மடிந்து, சூடாகத் தட்டுக்கு வரும். ஃப்ரிட்டாட்டா மடியாது, உள்ளே போடுவது முட்டையோடு கலந்தே வேகும், ஆறிய பிறகும் சாப்பிடலாம். நேப்பிள்ஸ்காரர்கள் மீந்த மக்ரோனியை முட்டையில் கலந்து ஃப்ரிட்டாட்டா ஆக்கி, கட்டுச்சாதம் போலக் கடற்கரைக்கு எடுத்துப் போவது இதனால்தான்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியர் நாவில் வருவது நம் 'ட' அல்ல, பல்லில் நாக்கு படும் 'த'. ஒலிக்கு உண்மையாக எழுதினால் 'ஃப்ரித்தாத்தா' என்று வரும். ஆனால் அப்படி எழுதினால் யாரோ ஒரு தாத்தாவின் பெயர் போலத் தோன்றிவிடும் என்பதால், புழக்கத்தில் உள்ள ஃப்ரிட்டாட்டாவையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

15ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சமையல் வல்லுநர் மார்த்தினோ இதற்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் இதை 'ஃப்ரிக்தாத்தா' என்கிறார். லத்தீனின் 'க்' ஒலி எழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த காலம் போலும். முட்டையை நன்றாக அடித்து, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பால், துருவிய பாலாடைக்கட்டி சேர்த்து வெண்ணெயில் வேகவைக்கச் சொல்லிவிட்டு, நன்றாக வரவேண்டுமென்றால் திருப்பிப் போடக் கூடாது, அதிகம் வேகவும் விடக் கூடாது என்கிறார்.

திருப்பாமல் மேல்பக்கம் எப்படி வேகும்? இன்று பல வீடுகளில் வாணலிமேல் தட்டைக் கவிழ்த்துத் திருப்பிப் போடுகிறார்கள். அந்தச் சாகசத்துக்குத் துணியாதவர்களுக்கு 'ஃப்ரிட்டாட்டா அல் ஃபோர்னோ', அதாவது 'அவன்' (oven) என்ற மூடிய அடுப்பில் வைத்துச் சுடும் வகை. நேர்ப்பொருளில் 'அவனில் சுட்ட பொரித்தது'! பெயரோடு முறை முரண்பட்டாலும் விளைவு நன்றாகவே இருக்கும். நாலாபுறமும் சூடு சூழ்வதால் அடி தீயாமல் நடு வேகிறது. அவனில் 180 டிகிரி செல்சியஸ் போதும். முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரியை ஒட்டி இறுகத் தொடங்கும். முட்டை உணவின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பாதுகாப்பு அறிவுரை. அதைத் தாண்டி வெகுநேரம் விட்டால் புரத வலை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். தட்டில் நீர் கோத்து, உள்ளே ஓட்டை ஓட்டையாக ரப்பர் போல நிற்கும் ஃப்ரிட்டாட்டா வெந்தது போதாததல்ல, வெந்தது கூடியது. நடு லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். மிச்சத்தைப் பாத்திரத்தின் சூடு பார்த்துக்கொள்ளும். கீரையைப் பிழியாமல், காளானை முன்கூட்டியே வதக்காமல் போட்டாலும் அதே நீர்க்கோப்புதான்.

'புரதம் அதிகம்' என்ற பட்டம் எவ்வளவு உண்மை? பெரிய முட்டை ஒன்றில் சுமார் 6.3 கிராம் புரதம், அதில் 3.6 கிராம் வெள்ளைக்கருவிலும் 2.7 கிராம் மஞ்சள்கருவிலும். ஆறு முட்டைக்கு 38 கிராம். துருவிய பார்மசான் பாலாடைக்கட்டி 30 கிராம் போட்டால் இன்னொரு 10. ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயையும் சேர்த்து இரண்டு பேர் பங்கிட்டால், ஆளுக்கு 24 கிராம் புரதமும் ஏறக்குறைய 330 கலோரியும். காய்கறி நார்ச்சத்துக்கும் நிறத்துக்கும். புரதக் கணக்கில் அதன் பங்கு சொற்பம். மூன்று முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் கூடுதலாகச் சேர்த்தால் ஆளுக்கு 29 கிராம் ஆகும். மஞ்சள்கருவை அடியோடு தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மென்மையைத் தரும் கொழுப்பும் கோலைன் என்ற சத்தும் அதில்தான் இருக்கின்றன. புரதத்துக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் 'ஐவைஸ்', சொல்லுக்குச் சொல் 'முட்டை வெள்ளை'. அந்தப் பெயரைக் கேட்டால் புரதமெல்லாம் வெள்ளையில்தான் என்று தோன்றும், மஞ்சள்கருவின் 2.7 கிராமை மறந்துவிடக் கூடாது.

இனி தமிழ்ப் பெயர். வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு 'முட்டைப் பொரியல்' என்றால், உதிர்த்து வதக்கிய வேறொரு பண்டம்தான் கண்முன் வரும். 'முட்டைத் தோசை' மெலிந்துவிடும். 'வெதுப்பிய முட்டை' என்பவர்களும் உண்டு. ஈழத்தில் வெதுப்பகம் என்பது பேக்கரிக்கு நிலைத்துவிட்ட நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டுக் காதுக்கு வெதுப்புதல் வெதுவெதுப்பாக்குவதோடு நின்றுபோகும்.

எனக்குப் பொருந்தி வருவது 'முட்டை அடை'. அடை என்றாலே தடிமன், வட்டம், உள்ளே பலதும் கலந்து இறுகியது. தேனடை என்பதிலும் இந்த இறுக்கம் இருக்கிறது. ஒரு சிக்கல், முட்டையை அடை வைத்தால் குஞ்சு பொரிக்கும். (அங்கேயும் ஒரு 'பொரி' வந்து நிற்கிறது பாருங்கள்.) ஆனால் கோழியின் கீழ் இருப்பது அடைமுட்டை, தட்டில் வருவது முட்டை அடை. சொல்வரிசை குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது.

வினைக்கு 'சுடு' இருக்கவே இருக்கிறது. வடை சுடுவது எண்ணெயில், தோசை சுடுவது கல்லில், செங்கல் சுடுவது சூளையில். வாணலியில் தொடங்கி அவனில் முடியும் ஒரு பண்டத்துக்கு இத்தாலியனிடம் இல்லாத வசதி இது. 'முட்டை அடை சுட்டேன்' என்றால் இரண்டு முறையும் அதிலேயே அடங்கிவிடும்.

ஓரிடத்தில் மட்டும் இந்த மொழிபெயர்ப்பு உதவாது. காரியம் கைமீறிக் கெட்டுப்போனால் இத்தாலியர் 'லா ஃப்ரித்தாத்தா எ ஃபாத்தா' என்பார்கள், ஃப்ரிட்டாட்டா ஆகிவிட்டது என்று. அதை 'முட்டை அடை தயார்' என்று பெயர்த்தால் கேட்பவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அங்கே எழுத வேண்டியது 'கெட்டது குடி'.