பப்மெட்டில் மஞ்சளைத் தேடுகிறவர்களுக்கு

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் என் மேசைக்கு வரும் பிஜி மாணவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "மேடம், என் டாபிக்குக்கு இருபது ரெஃபரன்ஸ் எடுத்துத் தாங்களேன்." தலைப்பு முடிவாகியிருக்கும். சில சமயம் ஆய்வின் முடிவுகூட முடிவாகியிருக்கும்! மஞ்சள் சாப்பிட்டால் சர்க்கரை நோய் கட்டுப்படும் என்று கைடிடம் சொல்லியாயிற்று, அதற்குத் தோதான கட்டுரைகள் வேண்டும், அவ்வளவே.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். பப்மெட் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம். காசு கொடுக்காமல் யாரும் தேடலாம். கூகுளில் கேட்பதுபோல முழுக் கேள்வியையும் அங்கே தட்டாதீர்கள். யாருக்கு, எதைக் கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், என்ன மாறியது என்று கேள்வியை முதலில் தாளில் உடைத்து எழுதுங்கள். டர்மரிக் என்று தட்டினால், பப்மெட் மெஷ் என்னும் தன் மருத்துவத் தலைப்புச் சொற்பட்டியலைப் பார்த்து குர்குமா என்ற தாவரப் பெயரையும் தானே சேர்த்துக்கொள்ளும். ஆனால் குர்குமின் அதில் தனித் தலைப்பு. மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் பொருளை வைத்துத்தான் ஆய்வுகள் குவிந்திருக்கின்றன. அதை விட்டால் பாதிக் கடலை விட்டமாதிரி. ஆகவே டர்மரிக், குர்குமின் இரண்டையும் நடுவில் 'ஆர்' (OR) போட்டு ஒரே அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அதன் பிறகு 'ஆண்ட்' (AND) போட்டு நோயின் பெயர். இந்த இரண்டு இணைப்புச் சொற்களையும் கேப்பிட்டல் எழுத்தில் அடிக்க வேண்டும். அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போனால், நீங்கள் தட்டியதைப் பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று விரித்துக் காட்டும். அதைப் பார்க்காமல் முடிவுகளைத் திறக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை.

கட்டுரை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்குக் கவலையே அங்கேதான் தொடங்குகிறது. குர்குமினைப் பற்றிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வரும். ஆனால் குர்குமின் உடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஆய்வுக்கூடச் சோதனைகளில் பொய்யான பலனைக் காட்டும் தன்மையும் அதற்கு உண்டு. 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் எழுதிய விரிவான மறுஆய்வு, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று நோயாளியும் ஆய்வாளரும் அறியாதபடி நடத்தப்பட்ட, போலி மருந்தோடு ஒப்பிட்ட மனிதச் சோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்றது. எலியில் வேலை செய்தது என்பது வேறு, நோயாளிக்கு வேலை செய்தது என்பது வேறு. அதற்கு மேல், குர்குமின் ஆய்வில் பெரும்பெயர் பெற்ற ஒருவரின் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இதழ்களால் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட கட்டுரையின் பக்கத்தில் பப்மெட் எச்சரிக்கை போட்டுவிடும். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பிடிஎஃப்பில் அது இருக்காது. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, 2010-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அதை இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. மேற்கோள் காட்டும் முன் தலைப்பை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடுங்கள், அதுவும் இலவசம்தான்.

இதழ் விஷயத்தில் இன்னொன்று. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டும் தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இதழ் நல்லதா என்பதை இனி கல்லூரியும் நாமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்று மெயில் வந்தால் பதில்கூடப் போடாதீர்கள். நல்ல இதழின் பெயரையே வைத்து நடத்தும் போலித் தளங்களும் இருப்பதால், முகவரியையும், இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னையும் சரிபாருங்கள்.

சாட்ஜிபிடி தரும் ரெஃபரன்ஸ் பட்டியலோடு இப்போது அதிகம் பேர் வருகிறார்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும்: ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் உண்டு, கட்டுரை மட்டும் இருக்காது. கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐயை டிஓஐ தளத்தில் போட்டு, திறக்கும் பக்கத்தின் தலைப்பு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தேடிய வரியை அப்படியே, தேதியோடு, எத்தனை முடிவுகள் வந்தன என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "எப்படித் தேடினாய்?" என்று கேட்டால் சொல்வதற்கு அது வேண்டும்.