நான் சொன்ன ‘பார்டர்லைன்’, அவர் கேட்ட ‘பார்டர்’

பென்னாகரம் பக்கமிருந்து வந்த 64 வயதுப் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, கிரியேட்டினின் பார்டர்லைன்ல இருக்கு, பார்த்துக்குவோம்” என்று சொல்லி அனுப்பினேன். சரிங்க என்று தலையசைத்துவிட்டுப் போனார். எட்டு மாதம் கழித்துக் கால் வீக்கத்தோடு வந்தவரிடம், இடையில் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, “பார்டரத் தாண்டலன்னு நீங்கதானே சொன்னீங்க சார்” என்றார். தாண்டவில்லை என்ற தைரியத்தில், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை, களி உண்ட கையோடு நாள் தவறாமல் விழுங்கியிருக்கிறார். அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஓர் ஆங்கிலச் சொல்லோடு பேச்சை முடித்துக்கொண்டேன்.

கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து உண்டாகும் கழிவு. அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. சாக்கடை பாதி அடைபடும் வரை தண்ணீர் வாசலுக்கு வராததைப் போல, சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய பாதி குறைந்த பிறகே இரத்தத்தில் இதன் அளவு பலருக்கு வரம்பைத் தாண்டுகிறது. அவருடைய அளவு 1.4, ஆய்வுத்தாளில் இருந்த மேல் வரம்பு 1.3. வித்தியாசம் அற்பமாகத் தெரிந்தாலும், வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது.

ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குவதால், ஆங்கிலச் சொல் எல்லோருக்கும் பொதுவானது என்று மருத்துவர்களாகிய நாங்கள் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் அது மூன்று மொழிக்காரருக்கும் ஒரே அளவில் புரியாமல் போகிறது. புற்றுநோய்க்கான சதைப் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’, அதாவது புற்று இல்லை, என்ற நல்ல செய்தியைச் சொன்னதும் அழத் தொடங்கிய குடும்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

‘ஃப்ளோரோசிஸ்’, அதாவது குடிநீரில் ஃப்ளோரைடு உப்பு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய், என்ற சொல்லும் அப்படித்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில், பாறையிலிருந்து கரைந்த ஃப்ளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்சவரம்பைத் தாண்டி இருப்பதனால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. பிள்ளையின் பற்களில் காவிக்கறையைப் பார்த்து, பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால், தாய் அதைக் கிருமி என்று எண்ணித் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறார். கொதிக்கவைத்தால் நீர் சுண்டுமே தவிர ஃப்ளோரைடு போகாது, செறிவுதான் கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுங்கள் என்ற ஒரு வரி போதுமானது.

இப்போதெல்லாம், “வீட்டில் கேட்டால் என்னவென்று சொல்வீர்கள்?” என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். சென்ற வாரம் ஒரு மூதாட்டி, “சாக்கடை பாதி அடைச்சிருக்கு, வலி மாத்திரை போட்டா மீதியும் போயிடும்” என்று சொல்லிவிட்டு, சற்று யோசித்து, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பாதி தீர்ந்த ஓர் அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். “அப்ப இதுவும் அதுதானுங்களா?”