எட்டுக்கு ஒன்று எடுக்கும் முன் வடிகட்டுங்கள், மக்களே

நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் மாணவர்களிடமிருந்து இந்த வருடமும் அதே கேள்விதான். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில் (கணினியின் யுஎஸ்பியில் செருகும் சிறு வானொலி ஏற்பி) ஏ.எம். வானொலியைப் பதிந்து, பைத்தானில் ஒலியைப் பிரித்தெடுத்து அனுப்புகிறார்கள். "சார், உள்ள ஒரு விசில் கேக்குது. கடைசியில என்ன ஃபில்டர் போடணும்?"

கடைசியில் போட ஒன்றும் இல்லை.

திருவனந்தபுரம் 1161 கிலோஹெர்ட்ஸ், திருநெல்வேலி 1197. நம் மாவட்டம் நடுவில் கிடப்பதால் இரண்டும் வரும். இடைவெளி 36. டாங்கிள் 1161-ஐ நடுவில், அதாவது பூஜ்யத்தில், வைத்து விநாடிக்கு 2,56,000 சாம்பிள் (அலையை அளந்த எண்கள்) தருகிறது. அது அதிகம் என்று எட்டுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 32,000 ஆக்கிவிடுகிறார்கள். முடிந்தது கதை. விநாடிக்கு 32,000 சாம்பிளில் 36 கிலோஹெர்ட்ஸுக்கும் 4 கிலோஹெர்ட்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் 36-இல் நின்ற நெல்லைக் கேரியர் (நிகழ்ச்சியைச் சுமக்கும் அலை), 32 கழிந்து 4 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும். அந்த விசில் அதுதான்.

"டிஜிட்டல்தானே சார், எப்ப வேணும்னாலும் ஃபில்டர் பண்ணலாம்" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சர்க்கரை கரைந்த டீயை வடிகட்டினால் சர்க்கரை வடிகட்டியில் நிற்குமா? ஒரே அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டு விசிலை வெட்டலாம், சரி. கேரியருக்கு இருபுறமும் நெல்லை நிகழ்ச்சியைத் தாங்கும் பக்கப்பட்டைகள் உங்கள் ஒலிக்குள்ளேயே கிடக்குமே, அதை எதை வைத்துப் பிரிப்பீர்கள்?

செலவும் பெரிதில்லை. 4.5 கிலோஹெர்ட்ஸ் வரை விட்டு 27.5-இல் அடைக்கும் லோ-பாஸ் எஃப்ஐஆர் (சாம்பிள்களை எடைபோட்டுக் கூட்டும் டிஜிட்டல் ஃபில்டர்) முதலில் போதும். ஹாமிங் சாளரம் என்ற வழக்கமான வடிவமைப்பில் நாற்பது டேப்புக்குள் (அந்த எடைகளின் எண்ணிக்கை) முடியும். அப்புறம் எட்டுக்கு ஒன்று. 4.5-ஐத் தாண்டியதும் வெட்டும் கறாரான ஃபில்டரை 32,000-க்கு வந்த பிறகு வையுங்கள், நூற்றுச்சொச்சம் டேப் ஆகும். வேகம் குறைந்த இடத்தில் கடின வேலையைச் செய்வதுதான் தொழில் தெரிந்தவன் வழக்கம்.

இந்த இரண்டு ஃபில்டரும் முடிந்த பிறகே, ஒவ்வொரு சாம்பிளிலும் டாங்கிள் தரும் ஐ, க்யூ என்ற இரண்டு எண்களின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வருவது என்வலப், அதாவது அலையின் உயரம்; ஒலி அதில்தான் இருக்கிறது. அது நேரியல் அல்லாத வேலை. இரவில் 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் பக்கத்து நிலையம் பலமாக வந்தால், என்வலப் அதன் பின்னால் போய்விடும். கேரியர் விட்டுப்போன டிசியை (ஒலிக்கு அடியில் கிடக்கும் மாறா அளவை) நீக்க முழுக் கோப்பின் சராசரியைக் கழிக்காதீர்கள். இரவில் அலை ஏறி இறங்கும், சராசரியும் கூடவே நகரும். 50 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு ஹை-பாஸ் போதும்.

இன்னொன்று. டாங்கிள் வெறும் 8 பிட். ட்யூனரைத் தாண்டி ஆன்டெனாவை நேரே அளக்கும் டைரக்ட் சாம்பிளிங்கில் தூத்துக்குடியின் 1053-உம் சேர்ந்தே உள்ளே நுழையும். அலை உச்சியில் வெட்டுப்பட்டிருந்தால் மென்பொருளால் ஒட்ட முடியாது, ஆன்டெனா பக்கம் வேண்டிய பட்டையை மட்டும் விடும் பேண்ட்-பாஸ் ஃபில்டர் வையுங்கள். தயவுசெய்து, இரைச்சல் கிளப்பும் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள்.