கோட் ஆஃப் ஆர்ம்ஸ்: அங்கியும் இல்லை, முத்திரையும் இல்லை

நாட்டுக்கோ குலத்துக்கோ அடையாளமாகக் கேடயத்தில் தீட்டும் குறிதான் ஆங்கிலத்தில் ‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கிடக்கும் ‘மேன் தீவின் ஆயுத அங்கி’ என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே படத்தையும் போடுகிறார்கள். படத்தில் அங்கி எங்கே? நடுவில் இருப்பது சிவப்புக் கேடயம், அதில் தொடையில் இணைந்த மூன்று கவசக் கால்கள். ஐரோப்பிய வீரர்கள் கவசத்துக்கு மேல் உடுத்திய அங்கியில் குலக்குறி இருந்தது. அங்கியின் பெயர் குறிக்கு ஒட்டிக்கொண்டது. துணி எப்போதோ போயிற்று, பெயர் மட்டும் மிச்சம்.

திருத்த வருகிறவர்கள் ‘முத்திரை’ என்கிறார்கள். அரக்கிலும் தாளிலும் அழுத்திப் பதிப்பது முத்திரை. மேன் தீவுக்கு 1996-இல் பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத் வழங்கியது ஒரு வடிவம். அதை முத்திரையிலும் வெட்டலாம், கட்டட முகப்பிலும் செதுக்கலாம். பதிவு அலுவலக வாசலில் நிற்கும் எவருக்கும் முத்திரை என்றால் பத்திரம்தான் நினைவுக்கு வரும். ‘சின்னம்’ என்றாலோ தேர்தல். ‘இலச்சினை’ தேறும், ஆனால் அதைக் கம்பெனி லோகோக்களுக்குத் தாரை வார்த்தாயிற்று.

பாண்டியர் காசில் இணைக்கயல் பார்த்த மதுரைக்காரருக்குச் சொல் தேட என்ன பஞ்சம்? கயற்பொறி, புலிப்பொறி, விற்பொறி என்று மூவேந்தருக்கும் வழங்கிய ‘பொறி’ இருக்கிறது. எலிப்பொறி, தீப்பொறியோடு குழம்பும் என்பது சப்பைக்கட்டு. ‘நாட்டுப்பொறி’ என்று சேர்த்து எழுதினால் யார் குழம்பப்போகிறார்கள்? அச்சுக்கோப்பவர் றகரத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் ஆயுத பூஜைப் பொரி ஆகிவிடும்.

பொறியின் உறுப்புகளை மொழிபெயர்ப்பதிலும் கோளாறு உண்டு. கேடயத்துக்கு மேலே கிரீடம், கீழே ‘எப்படி எறிந்தாலும் நிற்கும்’ என்னும் பொருளில் லத்தீன் வாசகம், இருபுறமும் தாங்கிகளாகப் பைரி என்னும் வல்லூறும் அண்டங்காக்கையும். வலப்புறம் பைரி என்பது மூல விவரிப்பு. அந்த வலம் கேடயம் ஏந்தியவரின் வலம், பார்ப்பவருக்கு இடம். இது தெரியாமல் மொழிபெயர்ப்பதால் படம் ஒன்று சொல்ல, அடிக்குறிப்பு வேறொன்று சொல்கிறது. பைரிக்குக் காரணமும் உண்டு: 1405-இல் தீவைப் பெற்ற ஜான் ஸ்டான்லியும் அவர் வழியினரும், இங்கிலாந்து மன்னரின் ஒவ்வொரு முடிசூட்டுக்கும் இரண்டு வல்லூறு செலுத்த வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை.

கொடியில் இருப்பதும் அதே கால்கள்தான். அதை ‘முக்கால் கொடி’ என்று எழுதாதீர்கள், கால் பங்கு குறைந்த கொடி என்று படிப்பார்கள். ‘முக்காலி’ இன்னும் மோசம், உட்காரத் தோன்றும். ‘மூன்று கால் பொறி’ போதும். கொடி தைப்பவருக்கும் ஒன்று: கால்விரல்கள் வலஞ்சுழியாக ஓட வேண்டும். ஒற்றைத் துணியில் மை ஊடுருவ அச்சிட்டால் பின்பக்கம் இடஞ்சுழியாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டுமானால் இரண்டு துணி வைத்துத் தைப்பதுதான் வழி.