புது இனம் அல்ல, ஒழுகும் குழாய்தான்

"இது ஏதோ புது இனம் சார், மருந்துக்கே சாவதில்லை." கறையான் ஒழிக்கப் போகும் வீடுகளில், இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறையாக இதைக் கேட்டுவிட்டேன்.

இம்முறை மூன்றாவது மாடிக் குளியலறையின் கதவு நிலை. அதற்காகக் கீழ்த்தளத்தில் துளையிட்டு இரண்டு முறை மருந்து ஊற்றியிருக்கிறார்கள். நிலையை விரலால் அழுத்தினேன். பெயின்ட் மட்டும் மீதமிருந்தது, உள்ளே காற்று. வெளியே ஓடிவந்த சிப்பாய்க் கறையான்களுக்கு நீர்த்துளி வடிவத் தலை. இடுக்கியால் தொட்டதும் ஒன்றின் நெற்றியில் பால் துளி போல வெண்திரவம் வந்தது. காப்டோடெர்மிஸ் என்ற கறையான் பேரினம் என்று சொல்ல எனக்கு அது போதும். எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல ஈசலோ மரபணுச் சோதனையோ வேண்டும். அந்தப் பேரினத்தின் ஜெஸ்ட்ராய் என்ற இனம் என்பது என் ஊகம்.

அந்த ஜெஸ்ட்ராய் புதியதா? 1896இலேயே பர்மாவில் கிடைத்த மாதிரியை வைத்துப் பெயர் சூட்டிவிட்டார்கள். தென்கிழக்கு ஆசியாதான் அதன் தாய்வீடு. ஆனால் போன இடமெல்லாம் வேறு வேறு பெயர் வாங்கியது. பிலிப்பைன்ஸில் 'வாஸ்டேட்டர்', வேறு இடங்களில் 'ஹாவிலாண்டி'. உடலமைப்பையும் தாய்வழி மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான், 2000களில், எல்லாம் ஒரே கறையான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆய்வாளர்களே பல காலம் ஒன்றைப் பலவாக எண்ணியிருந்தார்கள் என்பதால் வீட்டுக்காரரை நான் அதிகம் திட்டுவதில்லை.

பிரேசிலில் 1923இல், பார்படோஸில் 1937இல், மயாமியில் 1996இல் இது பதிவானது. ஈசல் சில நூறு மீட்டர் பறந்தாலே பெரிது. கடலைத் தாண்டியதெல்லாம் நம் படகிலும் சரக்கிலும்தான். இப்படிக் குடியேறிய இடங்களில் மரபணு வேறுபாடு குறைவாக இருப்பதில் வியப்பில்லை. ஒரு கட்டையில் ஏறிய சில குடும்பங்களின் வாரிசுகள்தானே அங்கே பெருகுகின்றன.

"கலப்பினம் வந்துவிட்டதாமே" என்று அடுத்த கேள்வி வரும். புளோரிடாவில் இதுவும் இதே பேரினத்து ஃபார்மோசா கறையானும் ஒரே பருவத்தில் பறந்து இணைசேர்ந்ததையும், ஆய்வகத்தில் கலப்புக் குடும்பங்கள் வளர்ந்ததையும் 2015இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டு மருந்து தோற்றதற்கு அது காரணமில்லை. மருந்து கீழே, பூச்சி மேலே! படாத மருந்துக்கு எந்த இனமும் சாகாது, தூய இனமானாலும் கலப்பினமானாலும்.

கறையான் மண்ணிலிருந்துதான் வரும் என்ற நம்பிக்கையை என்ன சொல்லி மாற்றுவது? இந்த வகைக்கு வேண்டியது ஈரம். சுவருக்குள் குழாய் ஒழுகினால், தளத்தில் நீர் தேங்கினால், ஈசல் ஜோடி அங்கேயே குடித்தனம் தொடங்கும். மென்ற மரத்தையும் எச்சத்தையும் குழைத்து அட்டை போன்ற கூடு கட்டும். அது பஞ்சு போல ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதன் பிறகு தரையோடு தொடர்பே தேவையில்லை. அந்த வீட்டில் ஓடுகளைப் பெயர்த்தபோது, ஒழுகும் இணைப்பைச் சுற்றியே பழுப்புக் கூடு இருந்தது.

ஆகவே முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள், பிறகு என்னை. கறையான் சுவரில் கட்டும் மண் குழாயைக் கண்டதும் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளாதீர்கள். பூச்சி வேறு வழியில் போய்விடும், எங்களுக்குத் தடயமும் போய்விடும். கடையில் வாங்கிய மருந்தை நீங்களே தெளிக்கவும் வேண்டாம். சிப்பாய் நாலைந்தையும், கிடைத்தால் ஈசலையும், ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பியில் போட்டுவையுங்கள். "வெள்ளையா இருந்துச்சு சார்" என்ற வர்ணனையை வைத்து இனம் சொல்ல என்னால் முடியாது.

பழைய மரச்சாமான், சரக்கு வந்த மரத்தட்டு, படகு, மண்ணோடு வரும் தொட்டிச்செடி எதுவானாலும் உள்ளே கொண்டுவருமுன் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் தயவுசெய்து வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.