பெடிகிரி: கொக்கின் காலும் கால்வழியும்

யாழ்ப்பாணத்தில் பலர் 'பெடிகிரி' என்ற சொல்லை முதலில் காண்பது கடைத் தட்டில், நாய் உணவுப் பொதியின் மேல். அதனால் 'இது பெடிகிரி நாய்' என்று ஒருவர் சொன்னால், விலை கூடிய நாய் என்ற அளவிலேயே பொருள் கொள்ளப்படுகிறது. குட்டி வாங்கப் போகிறவர்களோ வேறொரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்: 'பேப்பர் இருக்கிறதா?' தாய், தந்தை, முன்னோர் பெயர்களை அடுக்கிக் காட்டும் அந்தப் பேப்பர்தான் பெடிகிரி. எந்தச் சங்கம் எழுதிக் கொடுத்த பேப்பர், எழுதுமுன் எதைச் சரிபார்த்தது என்ற அடுத்த கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

நோர்மன்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற பிரெஞ்சில் 'பே த கிரு' என்றால் கொக்கின் கால். பழைய குடும்ப வரலாற்று ஏடுகளில் ஒருவருடைய பெயரிலிருந்து அவருடைய பிள்ளைகளின் பெயர்களுக்குக் கோடுகள் பிரித்து இழுப்பார்கள். பறவையின் விரல்கள்போல விரிந்து நின்ற அந்தக் குறியே பெயராகி, 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் 'பெடிகிரி' என்று வந்து சேர்ந்தது. முதலில் அது மனிதர்களுக்கான சொல். நிலமும் பட்டமும் யாருக்குச் சேரும் என்று காட்டப் பயன்பட்டது. பந்தயக் குதிரைகளின் பிறப்பு வரிசையைக் காட்டும் பொதுப் பதிவேடு 1791இல் இங்கிலாந்தில் அச்சானது. நாய்களின் முறை அதற்கும் பிந்தியது.

1859இல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்த பிறகு இங்கிலாந்தில் கண்காட்சிகள் பெருகின. ஒரே பெயரில் பல நாய்கள் போட்டிக்கு வந்தன. எந்த நாய் எங்கே வென்றது என்பதே குழம்பியது. 1873இல் லண்டனில் கெனல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டு 4,000க்கும் மேற்பட்ட நாய்களுடன் அதன் முதல் பதிவேடு வெளிவந்தது. 1880இல் சிறு கட்டணத்துக்கு நாயின் பெயரைப் பதிந்துகொள்ளும் முறையும் வந்தது. ஆக, பதிவு என்பது அடையாளக் குழப்பத்தைத் தீர்க்கப் பிறந்த ஏற்பாடு. நல்ல நாய், நோயற்ற நாய் என்று சான்று சொல்வது அதன் முதல் வேலையாக இருக்கவில்லை. அமெரிக்கன் கெனல் கிளப் இன்றும் அதைத் தானே சொல்கிறது: தன் பதிவேட்டிலுள்ள நாய்களின் தரத்துக்கும் உடல்நலத்துக்கும் அது உத்தரவாதம் தருவதில்லை.

இனித் தமிழ்ச் சொல். 'வம்சாவளி' என்றுதான் பலரும் மொழிபெயர்க்கிறார்கள். 'வம்சம்' என்பதற்கு வடமொழியில் மூங்கில் என்றும் பொருள் உண்டு. 'ஆவளி' என்றால் வரிசை. கணுவுக்குக் கணு வளரும் மூங்கில் தலைமுறைக்குப் பொருத்தமானதுதான். ஆனால் இலங்கையில் அந்தச் சொல் 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்ற தொடரில் ஊன்றி, எங்கிருந்து வந்தவர் என்ற பொருளையே முன்னிறுத்துகிறது. 'பரம்பரை' மிகப் பரந்த சொல். தாய் தந்தையரைப் பெயர் பெயராக அடுக்கிக் காட்டும் பட்டியலுக்கு அது போதாது. 'கொடிவழி' அழகான சொல், பயன்படுத்தத் தடையில்லை. என் தேர்வு 'கால்வழி'. தமிழில் அதற்கு ஒற்றையடிப்பாதை என்றும் சந்ததி என்றும் பொருள்கள் உள்ளன. மானிடவியல் எழுத்துகளில் 'கால்வழிக் குழு' என்பது இன்றும் வழங்குகிறது. பிரெஞ்சுச் சொல்லிலும் கால், தமிழ்ச் சொல்லிலும் கால். இரண்டும் தனித்தனியாகப் பிறந்து ஒரே உறுப்பில் வந்து நிற்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆகவே பெடிகிரி என்பது கால்வழி. அந்தப் பேப்பர் கால்வழிச் சான்றிதழ்.

பதிவேட்டுக்கோ யாழ்ப்பாணத்திடம் ஒரு பழைய சொல் இருக்கிறது: தோம்பு. போர்த்துக்கேய 'தொம்போ' என்பதிலிருந்து வந்தது. அதன் மூலம் கிரேக்கம். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய அந்த ஏடுகளில் ஆட்களுக்கு ஒன்றும் காணிக்கு ஒன்றும் இருந்தன. வரியும் ஊழியமும் வாங்குவதற்காக எழுதப்பட்டவை என்பதால், அவற்றுக்கு எது வேண்டுமோ அதுவே அவற்றில் பதிந்தது. நாய்த் தோம்பு என்று யாரும் எழுதப்போவதில்லை, 'கால்வழிப் பதிவேடு' போதும். ஆனால் யார், எதற்காக எழுதினார்கள் என்று பார்க்கும் பழக்கம் இங்கும் அப்படியே வேண்டும்.

காணி வாங்குகிறவர் உறுதியின் கடைசித் தாளை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதில்லை. முன்னைய உறுதிகளைத் தேடி, விற்றவருக்கு அது எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போகிறார். நாய்ச் சான்றிதழையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். மூன்று தலைமுறைச் சான்றிதழில் 14 முன்னோர்களின் பெயர்கள் இருக்கும், ஐந்து தலைமுறை என்றால் 62. தந்தை பக்கத்திலும் தாய் பக்கத்திலும் ஒரே பெயர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் நெருங்கிய உறவில் இணை சேர்த்திருக்கிறார்கள். சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் 1922இல் தந்த கணக்கின்படி, தந்தையும் மகளும் அல்லது உடன்பிறந்த இரண்டும் இணைந்தால் குட்டியின் உள்ளினக்கலப்பு அளவு, அதாவது ஒரே முன்னோரின் மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம். பாட்டனும் பேத்தியும் என்றால் 12.5, ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்றால் 6.25. வளர்ப்பவர் சொல்லாத செய்தியையும் அந்தப் பெயர் அடுக்கு சொல்லிவிடும், பெயர்கள் உண்மையாக இருந்தால்.

உண்மையாக இருந்தால் என்பதில்தான் பதிவேடுகளுக்கிடையிலான வேறுபாடு தொடங்குகிறது. இங்கே அல்சேஷன் என்று அழைக்கப்படும் ஜேர்மன் ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அல்சேஷன் என்ற பெயரே ஒரு பதிவேட்டின் முடிவு. முதல் உலகப் போருக்குப் பின் ஜேர்மன் என்ற அடைமொழியைத் தவிர்க்க இங்கிலாந்தில் வைத்த பெயர், 1977இல் மாற்றப்பட்டது. அந்த இனத்தின் தாய்ச் சங்கத்தை 1899இல் மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் ஜேர்மனியில் தொடங்கினார். ஹோராண்ட் என்ற நாய் அதன் முதல் பதிவு. அந்தச் சங்கத்தில் இணை சேர்க்குமுன் இடுப்பு மூட்டின் எக்ஸ் கதிர்ப் படம், மரபணு மாதிரி, வேலைத் திறன் சோதனை எல்லாம் கேட்கிறார்கள். அமெரிக்கன் கெனல் கிளப்பிலோ தாயும் தந்தையும் பதிவானவையாக இருந்து, ஈற்றை, அதாவது ஒரு பிறப்பில் வந்த குட்டிகளை, முறையாக அறிவித்தால் பொதுவாகப் போதும். பல ஈற்றுகளுக்குத் தந்தையாகும் கடுவனுக்கு மட்டும் மரபணுப் பதிவு கேட்கிறார்கள். ஒரே இனம், இரண்டு பேப்பர், இரண்டும் உண்மை. ஆனால் சொல்லும் செய்தி ஒன்றல்ல. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் ஜேர்மன் சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பதன் காரணம் இதுதான்.

விதிகள் மாறவும் செய்கின்றன. 2008இல் இனநாய்களின் நோய்களைக் காட்டிய பிபிசி ஆவணப்படம் ஒன்று இங்கிலாந்தை உலுக்கிய பின், 2009இல் லண்டன் கெனல் கிளப் பெற்றோர்-பிள்ளை, உடன்பிறப்பு இணைகளின் குட்டிகளைப் பதிவதை நிறுத்தியது. ஒரு பெட்டைக்குப் பதிவாகும் ஈற்றுகளின் எண்ணிக்கையையும் பின்னர் நான்காகக் குறைத்தது. எதைப் பதிய மறுக்கிறது என்பதே ஒரு பதிவேட்டின் தரத்தைக் காட்டும் சிறந்த அளவுகோல் என்று நான் நினைக்கிறேன். பணம் கட்டினால் எதையும் பதியும் ஏடு எதற்கும் சான்றாகாது.

ஆனால் மறுப்பது எப்போதும் நன்மையுமல்ல. டால்மேஷன் நாய்களில் யூரிக் அமிலத்தைக் கையாளும் மரபணுவின் நல்ல வடிவம் இனம் முழுவதிலும் அற்றுப்போயிருந்தது. அதனால் சிறுநீர்க் கல். 1973இல் ரொபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரேயொரு முறை பொயின்டர் இன நாயுடன் கலந்து அந்த மரபணுவைக் கொண்டுவந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷன்களுடன் மட்டும் இணைத்தார். 1981இல் அமெரிக்கன் கெனல் கிளப் அந்த வழியில் வந்த இரண்டு நாய்களைப் பதிந்தது. இனச் சங்கத்தார் எதிர்க்கவே நிறுத்திவிட்டது. லண்டன் 2010இலும் அமெரிக்கா 2011இலும்தான் கதவைத் திறந்தன. நோயற்ற நாய்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் 'தூயவை அல்ல' என்று வெளியே நின்றன. இந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'தூய இனம்' என்ற சொல்லின் பொருளும் இங்கே தெளிவாகிறது. இரத்தத்தில் தூய்மை என்று ஒன்றில்லை. முன்னோர் எல்லாரும், வெளியிலிருந்து புதிய நாயைச் சேர்க்காத ஒரே மூடிய ஏட்டில் இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். ஆகவே 'சாதி நாய்' என்று எங்கள் ஊரில் வழங்கும் தொடரை விட்டுவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்து இந்த மண்ணில் மனிதருக்குச் செய்த கொடுமை போதும். அந்தச் சொல்லை வாசலில் கட்டியிருக்கும் நாய்க்கும் சூட்டத் தேவையில்லை. 'இனநாய்' என்போம், சான்றிதழ் இருந்தால் 'பதிவுபெற்ற இனநாய்' என்போம். பேப்பர் இல்லாத ஊர்நாய் அதனால் தாழ்ந்ததாகிவிடாது.

மூடிய ஏட்டுக்கு மாற்றும் உண்டு. 1906இல் தொடங்கிய பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் பார்டர் கொலி நாய்களைத் தோற்றத்தை வைத்து மதிப்பிடுவதில்லை. ஆடு மேய்க்கும் திறனை நிரூபித்தால் பதிவில்லாத நாயையும் ஏட்டில் சேர்க்க வழி வைத்திருக்கிறது. 1995இல் அமெரிக்கன் கெனல் கிளப் அந்த இனத்தைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டபோது மந்தை வைத்திருந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அழகுக்காகத் தேர்ந்தால் அறிவு போய்விடும் என்பது அவர்களுடைய அச்சம். நான் அவர்கள் பக்கம்.

இனி நடைமுறைக்கு வருவோம். கனடாவிலிருக்கும் உறவினர் 'சி.கே.சி. பேப்பர்' உள்ள குட்டி என்று சொன்னால் எந்த சி.கே.சி. என்று கேளுங்கள். 1888இல் தொடங்கிய கனேடியன் கெனல் கிளப்புக்கும், 1991இல் அமெரிக்காவில் தொடங்கிய கொன்டினென்டல் கெனல் கிளப்புக்கும் முதலெழுத்துகள் ஒன்றே, அமைப்புகள் வேறு. கனடாவில் இதற்கென்றே மத்திய அரசின் சட்டம் இருக்கிறது: தூய இனம் என்று விற்றவர் ஆறு மாதங்களுக்குள் பதிவுச் சான்றிதழை வாங்கியவர் கையில் கொடுக்க வேண்டும். 'பேப்பர் பிறகு வரும்' என்ற பேச்சுக்கு அங்கே காலக்கெடு உண்டு. இங்கே அந்தக் கெடுவை நாமே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உலக அளவில் எப்.சி.ஐ. என்ற நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பை 1911இல் ஜேர்மனி, ஒஸ்திரியா, பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் தொடங்கின. தலைமையகம் பெல்ஜியத்தில், 350க்கும் மேற்பட்ட இனங்களை ஏற்றிருக்கிறது. லண்டன், அமெரிக்க, கனேடியச் சங்கங்கள் அதன் உறுப்பினர்களல்ல, ஆயினும் ஒன்றின் பதிவை மற்றது ஏற்க உடன்பாடுகள் செய்திருக்கின்றன. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ குட்டி வருகிறதென்றால், அந்தச் சான்றிதழ் தந்த சங்கத்தை வேறு நாட்டுச் சங்கங்கள் ஏற்கின்றனவா என்று அவற்றின் பட்டியலிலேயே பாருங்கள். குட்டியின் தோலுக்குள் இருக்கும் 15 இலக்கச் சிப்பின் எண்ணை மிருக வைத்தியரிடம் படிக்கச் சொல்லி, சான்றிதழிலுள்ள எண்ணுடன் ஒப்பிடுங்கள். எண் பொருந்தாத பேப்பர் வேறு நாயின் பேப்பர்.

தமிழில் ஒரு கால்வழிச் சான்றிதழ் அச்சிட வேண்டி வந்தால் சொற்கள் நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கின்றன: ஆணுக்குக் கடுவன், பெண்ணுக்குப் பெட்டை, ஒரு பிறப்பில் வந்த குட்டிகளுக்கு ஈற்று, முதல் பிறப்புக்குத் தலையீற்று, இணைக்கு விடும் ஆணுக்குப் பொலிகாளையை ஒட்டிப் பொலிநாய். அவற்றுடன் பதிவெண், சிப் எண், நிறம், இடுப்பு மூட்டுச் சோதனை முடிவு, சோதித்த மிருக வைத்தியரின் கையொப்பம் ஆகியவற்றுக்கும் கட்டங்கள் வைக்கலாம்.