கிணற்று மோட்டார் ஒயரில் தட்டு மெஷின் ஓட்டாதீர்கள்: கேரள எல்லைத் தோட்டக்காரர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தென்னைக்கு நடுவே நாலு கறவை மாடு இல்லாத தோட்டம் குறைவு. சிறு, குறு விவசாயி என்றால் மோட்டார் பில்லை கிருஷி பவன் (உள்ளூர் வேளாண் அலுவலகம்) வழியாக விவசாயத் துறை கட்டுகிறது. மோட்டார் ரூமிலிருந்து மாடு கட்டும் சாளைக்கு ஒரு ஒயர் இழுத்துவிட்டால், மாட்டுத் தீவனத் தட்டு வெட்டும் மெஷினும் பால் கறக்கும் மெஷினும் அதிலேயே ஓடிவிடும். சாணி தென்னைக்குப் போகிறது, தோட்டத்துப் புல் மாட்டுக்கு வருகிறது, எல்லாம் விவசாயம்தானே என்பது நம் கணக்கு.

கேரள மின் வாரியமான கே.எஸ்.இ.பி.யின் கணக்கு வேறு. பயிருக்கு நீர் இறைப்பது எல்.டி. 5 ஏ என்ற கட்டண வகை. மாட்டுப்பண்ணை, கோழிப்பண்ணை எல்லாம் 5 பி. யூனிட்டுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம். ஆனால் மாட்டிக்கொண்டால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு வரும்: உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு. எப்போதிலிருந்து ஓட்டுகிறீர்கள் என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். ரீடிங் எடுக்க வந்தவர் கண்ணில் படாத ஒயர், ஸ்குவாட் (வாரியத்தின் சோதனைக் குழு) வந்த அன்றைக்கு மட்டும் பளிச்சென்று தெரியும்!

அதனால் மெஷின் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு முன்தான் வாங்கினேன் என்று காட்டினால், 12 மாதக் கணக்கை எதிர்த்து வாதாட அது நல்ல பிடி. ஸ்குவாட் எழுதும் மகஸர் (சோதனையில் கண்டதைப் பதியும் அறிக்கை) மலையாளத்தில் இருக்கும். படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் அலைந்த குடும்பங்கள் உண்டு. ஒப்பவில்லை என்றால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதிவிடுங்கள்.

அடுத்து வருவது, தொகை போட்ட தற்காலிக உத்தரவு. 'ஏழு நாளுக்குள் கட்டு' என்று கவுண்டரில் விரட்டுவார்கள். அது தொகையை ஒப்புக்கொள்பவருக்கான கெடு. ஒப்பாதவர் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து நேர் விசாரணை கேட்கலாம். இங்கேதான் உயிரைக் கொடுத்துப் போராட வேண்டும். இறுதி உத்தரவு வந்துவிட்டால் 30 நாளில் அப்பீல் போகலாம், ஆனால் பாதித் தொகையை முதலில் கட்டியாக வேண்டும்.

இந்த வம்பே வேண்டாம் என்றால் சாளைக்குத் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள். அடையாளச் சான்று, இடம் உங்களுடையது அல்லது சட்டப்படி உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று, இரண்டு போதும். அதற்கு மேல் ஏதாவது கேட்டால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள். நிலம் இன்னும் தாத்தா பேரில் இருந்தால் முதலில் வில்லேஜ் ஆபீசில் அதைச் சரி செய்யுங்கள்.

இலவசம் என்று நினைத்த மோட்டாருக்கே பாக்கி நோட்டீஸ் வந்தால் பயந்து கட்டிவிடாதீர்கள். நோட்டீஸையும் நிலவரி ரசீதையும் எடுத்துக்கொண்டு கிருஷி பவனுக்குப் போய், உங்கள் கன்ஸ்யூமர் எண் இலவச மின்சாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

'மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா' என்று திருப்பி அனுப்பினால் போகாதீர்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் தர வேண்டும் என்கிறது 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.